வல்லத்திலிருந்து மாமல்லைக்கு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரத்துக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தூரமே உடையது. ஆயினும் பல்லவர் காலத்துக் கற்கலை ஒரு நூற்றாண்டில் அடைந்த வளர்ச்சி முழுவதும் அந்தச் சிறிய தூரத்துக்குள், பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்த பிரயாணி வரிசை பிசகாமல் கடந்து செல்லும்படி, அமைந்து கிடக்கிறது. ஊரைவிட்டுப் புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே வல்லம் வருகிறது. அங்கே ஒரு குன்றின் பாறையில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரைசன் என்பவனின் மகன் கந்தசேனன் குடைவித்த சிறு கோயில் இருக்கிறது. அதற்கடுத்துத் திருக்கழுக்குன்றத்து மலைமீது ஒருகல் மண்டபம். மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் காலத்தது என்று அறிஞர் கொள்கிறார்கள். சாலை முடியும் கடற்கரையில் ஐந்து ரதங்களும், பெரும்பாறை ஒன்றையே ஆட்கொண்ட அர்ச்சுனன் தபசும், அவற்றுக்கெல்லாம் பின்னர் இராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயிலும் நிற்கின்றன.

கையில் ஒரு கைபேசியும், சொந்தமாக ஒரு யூடியூப் சேனல் தொடங்கி நடத்த வேண்டும் என்ற அபிலாஷையுமாக இந்தப் பிரதேசத்தில் புறப்படுகிறவர்கள் இப்போது அநேகர். கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், குழந்தைகள் பள்ளிக்குச் சென்ற பின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ள விரும்பும் பெண்கள் என்று பலவகையினரும் அவர்களுள் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் வல்லத்தைத் திரும்பியும் பாராமல் கடந்து, சாலையின் மறுமுனைக்குப் போய், கடற்கரைக் கோயிலின் முன்னால் நின்று முதற்படத்தை எடுக்கிறார்கள். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது; 2019 அக்டோபரில் பாரதப் பிரதமரும் சீன அதிபரும் சேர்ந்து நடந்தபோது உலகத்துக் காமிராக்கள் அனைத்தும் திரும்பி நின்ற இடம்; ஆகவே அங்கே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று அவர்கள் கருதுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அப்படித் தொடங்குவது பிசகு என்பது என் திடமான அபிப்பிராயம். தொடங்குகிறவர் வல்லத்தில் தொடங்க வேண்டும். இதை இடத்தைக் குறித்தும் சொல்கிறேன், முறையைக் குறித்தும் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வல்லத்துக் குடைவரை பெரிய அரசன் செய்வித்தது அன்று. உள்ளூர்த் தலைவன் ஒருவன் தன் ஊர்ப் பாறையில் செய்வித்தது. தூண்கள் பருத்து, சதுரமாய், அலங்காரம் அதிகமின்றி நிற்கின்றன. அக்காலத்தில் பாறையைக் குடைந்து கோயில் செய்வது தமிழ்நாட்டின் இப்பகுதிக்குப் புதிய வித்தை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் ஒரு கோயில் ஆக்கியதை மகேந்திரன் மண்டகப்பட்டுச் சாசனத்தில் பெருமையுடன் பதிவு செய்திருக்கிறான் என்றால், அது எவ்வளவு புதிய காரியமாக அன்று தோன்றியிருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். வல்லத்துச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்த அளவில், தங்கள் கைக்கு அடங்கிய அளவில், ஒரு சிறிய கருவறையையும் முன்மண்டபத்தையும் இரண்டு வாயிற்காவலர்களையும் செதுக்கி முடித்தார்கள். முடித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மாமல்லபுரத்தில் முடியாமல் நின்றுபோன வேலைகள் பல. வல்லத்தில் எடுத்த காரியம் சிறிது, ஆனால் பூர்த்தியானது. அதில் வழிபாடும் நடக்கிறது.

இனி முறை. யூடியூபின் சரித்திரமே மிகச் சிறிய காரியத்திலிருந்து தொடங்குகிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்து மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன்னால் நின்று, அவற்றின் துதிக்கை நீளமாக இருப்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசிய 19 விநாடிப் படமே, 2005 ஏப்ரல் 23 அன்று அந்தத் தளத்தில் ஏறிய முதற்படம். அதில் இசையில்லை, அலங்காரமில்லை; எதிரே கண்டதை ஒருவர் சொல்கிறார், அவ்வளவே. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையத்தின் விலை சரிந்தது; 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, செப்டம்பரில் யூடியூபின் குறும்படப் பகுதியான ஷார்ட்ஸ் இந்தியாவில் முதலில் அறிமுகமானது. இந்த மாறுதல்களால் எவரும் படம் எடுக்கலாம், எவரும் பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. எதை எடுப்பது என்ற கேள்வி மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல பதில் ஒன்று கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்ற கிராமத்தில், பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது. தமிழில் அந்த எல்லையை முதலில் எட்டிய சேனல் அதுவே என்று அப்போது கொண்டாடப்பட்டது. அவர்கள் அதே சமயத்தில் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்களுடைய கீர்த்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வயல்வெளியின் பசுமையையும், பாத்திரங்களின் பிரம்மாண்டத்தையும், ஒரே குரலாய் எழும் உற்சாகக் கூச்சலையும் காரணமாகச் சொல்கிறார்கள். அவை காரணமல்ல என்று நான் சொல்லவில்லை; ஆனால் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு நடத்திய, பின்தோன்றிய சேனல்கள் எத்தனையோ வந்து மறைந்தன. அந்தக் குடும்பத்தில், காமிரா வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, விருந்துகளுக்குச் சமைத்துப் பழகிய கை ஒன்று இருந்தது. பெரியவர் மசாலாவை அம்மியில் வைக்கும்போது அவர் கண் காமிராவைத் தேடுவதில்லை. கற்றுக்கொண்டிருப்பவரின் தயக்கம் அங்கே இல்லை. ஆகவே பார்க்கிறவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’ என்ற சேனலை நடத்துகிறவரிடத்தும் இதையே காண்கிறோம். கடல் அவருக்குப் படப்பிடிப்புத் தளமாக வாய்த்ததன்று, தொழிற்களம்.

ஆகவே, புதிதாகத் தொடங்குகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்த விஷயம் இப்போது ஓடுகிறது என்பதன்று. எந்த விஷயத்தில் காமிரா இல்லாவிட்டாலும் எனக்குச் சிரத்தை இருக்கும் என்பதே. எங்கள் கடற்கரையில் இதற்குக் குறைவில்லை. மாமல்லபுரத்துத் தெருக்களில் உளியோசை கேட்காத பகல் இல்லை. 1957-இல் அங்கே சிற்பப் பயிற்சிக்கென அரசாங்கம் தொடங்கிய நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒரு கருங்கல் துண்டு சிற்பப் பட்டறையில் வந்து இறங்கிய நாள் முதல், கோடு போட்டு, வேண்டாத பகுதியைத் தகர்த்து, கிரைண்டரால் அறுத்து, உளியால் நுணுக்கி, கடைசியில் மூர்த்தியின் கண்ணைத் திறக்கும் நாள் வரையில் பொறுமையாகக் கூடவே இருந்து எடுத்த படம், தமிழில் தேடினால் எளிதிற் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றிலும் பேசுகிறவர் சிற்பியாக இருப்பது அபூர்வம். கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் நெம்மேலியிலும் விடியுமுன் கடலுக்குப் போய்வருகிறவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலத்தை எப்படிப் பார்க்கிறார்கள், வலையை எப்போது பிரித்துச் செப்பனிடுகிறார்கள் என்பது அந்தக் குப்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்கள் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தி, விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். ஒரு புற்றின் வாயைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் அந்த ஞானத்தை இருளர் இளைஞர் ஒருவரே தம் பேச்சில் சொல்லிப் படமாக்கும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

சொந்தத் தொழில் அப்படி ஒன்று இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். அவருக்கும் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், மைக்கேல் லாக்வுட் தத்துவம் போதித்தார். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் போதித்தார். தயானந்தன் தாவரவியல் போதித்தார். மூவரில் எவருக்கும் சிற்ப சரித்திரம் ஜீவனோபாயமன்று. ஆயினும் அவர்கள் பல்லவச் சிற்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஆடையின் மடிப்பையும் அணிகலன்களின் அமைப்பையும் குறித்துக்கொண்டு, ஓர் உருவத்தை மற்றோர் உருவத்தோடு ஒப்பிட்டார்கள். 1974-இல் ‘மகாபலிபுரம் ஸ்டடீஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். பல்லவர் குடைவரைகளின் வாயிற்காவலர் சிலர் தலையில் கொம்புபோல் எழும் உறுப்பு, சிவனுடைய திரிசூலத்தையே குறிப்பது என்ற கருத்து அவர்களுடைய ஆராய்ச்சியால் வலுப்பெற்றது. வல்லத்துக் காவலனையும் அந்த நோக்கோடு பார்க்கலாம். எத்தனையோ பேர் கடந்து சென்ற உருவத்தில் ஒரு கொம்பைக் கண்டு, அது ஏன் அங்கே இருக்கிறது என்று நின்று கேட்டதே அவர்களின் முதலீடு. சென்னையில் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளையினர் இதே சிரத்தையோடு மாதந்தோறும் நடத்தும் சொற்பொழிவுகளை யூடியூபில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். அலங்காரம் இல்லாத நீண்ட உரைகள் அவை. மாமல்லபுரத்தைப் பற்றிப் படம் எடுக்கப் புறப்படுகிறவர் அவற்றில் சிலவற்றையாவது முழுமையாகக் கேட்காமல் காமிராவைத் திறக்கக்கூடாது என்பேன்.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மாமல்லபுரத்தைப் பற்றி இணையத்தில் மிகுதியாகப் பரவும் படங்களுள் சில, பாறையை மனிதர் உளியால் வெட்டியிருக்கவே முடியாது என்றும், கல்லை உருக்கினார்கள் என்றும், வேற்றுலகத்தார் வந்து செய்தார்கள் என்றும் கூறுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வழி பெரிய ஆசை காட்டுவது. ஏனெனில் வியப்பு வேகமாகப் பரவும். ஆனால் எப்படி வெட்டினார்கள் என்பதற்கு அந்த ஊரிலேயே பிரத்தியட்சப் பிரமாணம் கிடக்கிறது. முடிவுபெறாத குடைவரைகளில் சிற்பிகள் பாறைமுகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடிழுத்து, கோடுகளை ஆழமாக வெட்டி, நடுவில் நிமிர்ந்து நின்ற கட்டிகளைத் தட்டி உடைத்து, மறுபடி சதுரம் போட்டு உள்ளே சென்ற முறை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய தபசுச் சிற்பத்துக்குத் தெற்கே அதே பொருளில் முடிக்காமல் விட்ட இன்னொரு பாறைச் சிற்பமும் உண்டு. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதியில் நிற்கின்றன. முடிந்த சிற்பம் கலையின் சிகரத்தைக் காட்டுகிறது. முடியாத சிற்பம் கையின் வழியைக் காட்டுகிறது. பத்து நிமிஷத்தில் இதைக் காட்டி விளக்கும் ஒரு படம், பொய்யான வியப்பைக் காட்டும் நூறு படங்களை விட அந்தச் சிற்பிகளுக்குச் செய்யும் மரியாதை என்று நான் மனமார நம்புகிறேன். அந்தச் சிற்பிகள் நம் முன்னோர். அவர்களின் உழைப்பை வேறு எவருக்கோ தூக்கிக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வருவாயைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிப்பது நியாயமன்று. குடும்பம் நடத்துகிறவர்கள் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். மானிடைசேஷன் என்று யூடியூப் சொல்லும் தகுதிக்கு, ஆயிரம் சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் மக்கள் பார்த்த நேரம் 4,000 மணியும் வேண்டும். அல்லது 90 நாட்களுக்குள் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 2023 முதல் 500 சந்தாதாரர்கள், 3,000 மணி நேரம் என்ற கீழ்ப்படி ஒன்றும் பல நாடுகளில் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் விளம்பரப் பங்கு அந்தப் படியில் கிடைப்பதில்லை. 4,000 மணி என்பதன் பொருளை நிதானமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷப் படம் ஒன்றைப் பார்க்க வருகிறவர் சராசரியாக நான்கு நிமிஷம் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அறுபதினாயிரம் முறை பார்க்கப்பட வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. இதை அறியாமல், நாளுக்கு மூன்று சிறு படங்களைப் போட்டுச் சந்தாதாரர்களை மட்டும் சேர்த்துவிட்டு, மணிக்கணக்கு ஏறவில்லையே என்று மனம் சோர்ந்தவர்களை நான் அறிவேன். தகுதி கிட்டிய பின்னும், நீண்ட படங்களுக்கு வரும் விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைத்தவருக்கு. அந்த வருவாய் சேரும் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க இரகசிய எண் அச்சிட்ட அட்டையொன்று தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும். எல்லாம் இணையத்தில் நடக்கும் இந்தக் காலத்திலும், அந்த அட்டையைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும் நாள் பல வீடுகளில் ஒரு விசேஷ தினமாகவே இருக்கிறது.

இக்கடற்கரையில் சவுக்கு நட்டவர் நாலைந்து ஆண்டுகள் கழித்தே வெட்டுகிறார். இடையில் தினந்தோறும் மரத்தை அளந்து பார்ப்பதில்லை, தண்ணீரைத்தான் பார்க்கிறார். சேனல் நடத்துகிறவரும் எண்ணிக்கையைப் பார்க்கும் நேரத்தில் பாதியை, படம் எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்பதைப் பார்ப்பதில் செலவிட்டால் பிரயோஜனம் உண்டு. யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோடு வரைந்து காட்டப்படுகிறது. எந்த விநாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதை அது ஒளிவுமறைவின்றிச் சொல்லும். தொடங்குகிறவர்களின் படங்களில் அந்தக் கோடு பெரும்பாலும் முதல் அரை நிமிஷத்திலேயே சரிந்துவிடுகிறது. ஏனென்றால் அந்த அரை நிமிஷமும் வணக்கத்திலும், சுழலும் பெயர்ப்பலகையிலும், சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள் என்ற வேண்டுகோளிலும் கழிந்துவிடுகிறது. ஒன்றும் கொடுப்பதற்கு முன்பே கேட்பது நம் வீட்டுச் சம்பிரதாயமன்று. வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்த பிறகே பேச்சைத் தொடங்குவது நம் வழக்கம். படத்தின் முகப்பில் வைக்கும் தம்ப்நெயிலைப் பற்றியும் இதையே சொல்லலாம். அது கண்ணில் படும் நூறு முறைக்கு இரண்டிலிருந்து பத்து முறை வரைதான் தொடப்படுகிறது என்பதே பாதிச் சேனல்களின் நிலை என்று யூடியூபே கூறுகிறது. ஆகவே படத்தில் இல்லாததை அதில் எழுதி இரண்டு பேரை அதிகமாக இழுப்பதால், வந்தவர்கள் ஏமாந்து திரும்பி, அந்தக் கோடு இன்னும் விரைவாகச் சரியும். நேர்மை இங்கே தர்மமாக மட்டுமன்றிக் கணக்காகவும் நிற்கிறது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய கைபேசியின் கண் போதுமானது, காதுதான் போதாது. கடற்கரையில் காற்று ஓயாமல் அடிக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் பேசுகிறவரின் சொற்கள் இரைச்சலில் மூழ்கிவிடும். காமிராவுக்குச் செலவிட வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சட்டையில் குத்தும் மைக்குக்கும், அதன்மேல் மாட்டும் பஞ்சுறைக்கும் செலவிடட்டும். படம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கியது. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் பூனையின் தவமும் யானையின் முதுகும் எழுந்து தெரியும். நடுப்பகலில் வருகிறவர் தட்டையான பாறையைத்தான் எடுத்துச் செல்வார். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைத்துப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிடுவது வேறு விஷயம்; அருகே கல்பாக்கத்து அணுமின் நிலையமும் இருப்பதால் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டால் காப்புரிமை கொண்டவர்களுக்கு அந்தப் படத்தின் வருவாய் போய்விடும். அலையோசையும் உளியோசையும் இலவசமாகக் கிடைக்கும்போது அந்தப் பாட்டு எதற்கு?

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் கனமானது. 2021 அக்டோபரில், மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண்மணி ஒருவர், கோயில் அன்னதானத்தில் தம்மவரை உட்காரவிடாமல் திருப்பியனுப்பினார்கள் என்று, தம் நெஞ்சில் உள்ளதைத் தம் பேச்சிலேயே கொட்டிய காணொளி நாடெங்கும் பரவிற்று. சில தினங்களுக்குள் அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து அவரோடு அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4, தீபாவளி தினத்தன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். எங்கள் கடற்கரையில் எடுக்கப்பட்ட படங்களுள் இதைவிடப் பலன் விளைத்த இன்னொன்றை நான் அறியேன். அதற்கு வெளிச்ச ஏற்பாடு இல்லை, தலைப்புப் படம் இல்லை, சந்தாதாரர் கணக்கு இல்லை. தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்லும் ஒருவரின் குரல் மட்டும் இருந்தது.

அதிலிருந்து தொடங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிதன்று. ஏழையின் வீட்டுக்குள் காமிராவோடு நுழைந்தால் பார்வையாளர் கூடுவார்கள் என்று அந்தச் சம்பவத்தைப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. கண்ணீரை அருகில் போய் எடுப்பதே கருணை என்று எண்ணியவர்களும் உண்டு. அந்தப் பெண்மணியின் சொல்லுக்கு வலிமை வந்தது அது அவருடைய சொல்லாக இருந்ததனால். மற்றவர்களின் துயரத்தை நாம் எடுத்துச் சொல்லும்போது அந்த வலிமை நமக்கு உரிமையாகாது. ஆகவே பிறரைப் படம் எடுக்கிறவர், எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். எடுத்ததை அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதியை, அது எவ்வளவு விறுவிறுப்பானதாக இருந்தாலும், வெட்டிவிட வேண்டும். குழந்தைகளின் முகத்தைக் காட்டுவதில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். பாம்பு பிடிக்கும் இருளரையோ வலை இழுக்கும் மீனவரையோ அண்ணா, ஐயா என்று அழைத்துப் பேசுகிற மரியாதை, எடிட்டிங் மேஜையில் உட்காரும்போதும் கூட இருக்க வேண்டும். வருவாய் வந்தால் அதில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுப்பதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நியாயம் கட்டாயப்படுத்துகிறது.

முதல் இருபது படங்கள் பெரும்பாலும் யாரும் பாராமலே கிடக்கும் என்பதைத் தொடங்குகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அந்த இருபதில்தான் அவருடைய குரல் அவருக்குப் பழகும். எதை வெட்டலாம், எதை நிறுத்திப் பேசலாம் என்பது கைக்கு வரும். மேடைப் பேச்சின் செயற்கையான ஏற்ற இறக்கம் உதிர்ந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசும் செங்கற்பட்டுத் தமிழ் திரும்பி வரும். பார்வையாளர் கூட்டம் அந்தப் பயிற்சிக்கு முன்பே வந்துவிட்டால் அது அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன்; வந்த கூட்டம் எதற்காக வந்ததோ அதையே மறுபடி மறுபடி செய்யும்படி அவரைக் கட்டிவிடும். வாரத்துக்கு ஒன்று முடியாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒன்று போடட்டும்; ஆனால் சொன்ன நாளில் போடட்டும். எடுத்துக்கொண்ட பொருள் சிறிதாக இருக்கட்டும். அதைப் பூர்த்தி செய்யட்டும். ஒரே கிராமத்தின் ஏரி, அதன் மதகு, அதற்கு நீர் வரும் வழி, அதில் வாழும் மீன், அதை நம்பிய வயல் என்று ஓராண்டு முழுவதும் ஒரே இடத்தில் நின்று எடுத்தாலும் விஷயம் தீராது. செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியின் கரையில் குடியிருப்பவர்களுக்கு அது தெரியும்.

வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. மீன் விற்கும் பெண்ணோ, கல் செதுக்கும் பையனோ, ஓய்வு பெற்ற தமிழாசிரியரோ நடத்தும், நூறு பேர்கூடப் பார்த்திராத சேனல் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதைத் தள்ளிவிட்டுப் போகாமல் ஒரு படத்தையாவது கடைசி வரை பாருங்கள். பார்த்தபின், ‘அருமை’ என்று ஒற்றைச் சொல் எழுதுவதோடு நிற்காமல், எந்த இடம் விளங்கியது, எந்த இடத்தில் குரல் கேட்கவில்லை, எந்த வருஷம் தவறு, அந்த மீனுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிழை கண்டால் மரியாதையாகச் சுட்டுங்கள். அவருடைய அடுத்த படத்தை அவர் அந்த இரண்டு வரியை வைத்துத்தான் எடுக்கப்போகிறார்.